இடி இடித்த மூன்றாம் நாள்: காளான் பறித்த கதைகள்

கரிசல்காட்டான்:

இரண்டு நாளாக ராத்திரியில் இடி. சென்னையில் நாலாவது மாடியில் படுத்துக்கொண்டு அதைக் கேட்கும்போது, ஊரில் இந்நேரம் புற்றுக்காளான் கிளம்பியிருக்குமே என்றுதான் மனசு போகிறது. காளான் பறிக்கப் போனவர்கள் இருந்தால் எழுதுங்கள். முதலில் என் கதை.

எங்களுக்குச் சாத்தூர்ப் பக்கம். ஐப்பசியில் இடியோடு மழை விழுந்த மூன்றாம் நாள், விடியும் முன்பே அம்மாச்சி எழுப்பிவிடுவாள். அவள் கையில் ஓலைப்பெட்டி, என் கையில் களைக்கொத்து. வெயில் ஏறினால் குடை விரிந்து பூச்சி வைத்துவிடும், அதற்குள் எடுத்துவிட வேண்டும். ஓடைக்கரையில் பழைய புற்று கரைந்த மேட்டில், மண்ணை விரித்துக்கொண்டு சாம்பல் நிறத்தில் மொட்டு எட்டிப்பார்க்கும். ஒன்று கண்ணில் பட்டால் அங்கேயே குத்தவைத்து உட்கார வேண்டும். நின்று பார்த்தால் ஒன்றுதான் தெரியும், உட்கார்ந்து பார்த்தால் முப்பது நாற்பது தெரியும்.

பிடுங்க விடமாட்டாள். பக்கத்து மண்ணைப் பறித்துக்கொண்டே காம்போடு கீழே போகச் சொல்வாள். காம்பு வேர் மாதிரி மெலிந்து மெலிந்து என் முழங்கை ஆழம் போகும். அது போய் முடிவது கறையான் கூட்டில். கறையான் செத்தையை மென்று அடை கட்டி, அதில் பூஞ்சை பயிர்செய்து சாப்பிடுகிறது. அந்த வெள்ளாமையில் மேலே கிளம்பி வருவதைத்தான் நாம் குழம்பு வைக்கிறோம். சிப்பிக்காளான் மாதிரி இதைக் கொட்டகை போட்டு வளர்க்க முடியாததற்கும் அதுதான் காரணம். இதெல்லாம் நான் பின்னால் படித்தது. அம்மாச்சிக்குத் தெரிந்தது இரண்டே விஷயம்: குடை நடுவில் கூரான மூக்கு, அடியில் வேர். "வேரு இல்லாததை வீட்டுக்குள்ள கொண்டாராத."

ஒருநாள் ஆசைப்பட்டு மந்தையில் கிடந்த பெரிய வெள்ளைக் குடை ஒன்றையும் பெட்டியில் போட்டுவிட்டேன். பெட்டி முழுவதையும் வேலியோரம் கொட்டினாள். நல்லதையும் சேர்த்து! அன்று அழுத அழுகை இன்னும் நினைவிருக்கிறது.

பொள்ளாச்சிக்காரி:

எங்கள் வீட்டில் இப்படிச் சொல்ல ஒரு அம்மாச்சி இல்லாமல் போயிற்று. மூன்று வருடம் முன்பு, மழைக்குப் பின் வீட்டுக்குப் பின்னால் புல்தரையில் தட்டு அகலத்துக்கு வெள்ளைக் குடைகள், மேலே பழுப்புச் செதில். மாமனார் மஞ்சள் போட்டு வேகவைத்தார். நிறம் மாறவில்லை, அதனால் நல்ல காளான் என்று தீர்ப்பு. சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் நாலு பேரும் வாந்தி, வயிற்றுப்போக்கு. ராத்திரி முழுவதும் டிரிப்ஸ்.

மறுநாள் வந்து பார்த்தால், பறிக்காமல் விட்ட முற்றின காளான்களில் குடையின் அடிமடிப்பு பச்சையாகியிருந்தது. நாங்கள் பறித்தது இளசு. இளசில் மடிப்பு வெள்ளையாகத்தான் இருக்குமாம். சந்தேகமான குடையை வெள்ளைத்தாளில் கவிழ்த்து ஒரு ராத்திரி மூடிவைத்திருந்தால் பச்சைத் தூள் படிந்து காட்டிக்கொடுத்திருக்கும். புற்றுக்காளான் என்றால் இளஞ்சிவப்பாக விழும். மஞ்சள், பூண்டு, வெள்ளிக்காசு எதுவும் விஷத்தைக் காட்டாது. மாமனார் மட்டும் இன்றைக்கும் கடலை எண்ணெய் மேல்தான் பழி போடுகிறார்.

மியூனிக் தமிழன்:

இங்கே செப்டம்பர், அக்டோபரில் காடே காளான். பக்கத்து வீட்டுப் பாட்டி கூடை, சின்னக் கத்தியோடு கூட்டிப்போனார். முதல் வருடம் எனக்கு ஒரே சட்டம்: அடியில் மடிப்பு இருந்தால் தொடாதே, பஞ்சு மாதிரி இருந்தால் மட்டும் என்னிடம் காட்டு. ஸ்ப்ரூஸ் மரத்தடியில் தடித்த காம்போடு ஸ்டைன்பில்ஸ் என்ற நல்ல காளான் கிடைத்தது. அடுத்த வாரம் தனியாகப் போய், பஞ்சுதானே என்று நானே தீர்மானித்து வதக்கினேன். அதில் ஒன்று கசப்புக்காளான். விஷமில்லை, ஆனால் அந்த ஒன்று வாணலி மொத்தத்தையும் வேப்பங்காய் ஆக்கிவிட்டது.

அதைவிடப் பயந்தது வேறொரு நாள். ஓக் மரத்தடியில் வெள்ளை முட்டை மாதிரி மொட்டுகள். ஊரில் வைக்கோல்காளான் பார்த்த கண்ணுக்கு அதேதான்! குனிந்தேன், பாட்டி கையைத் தட்டிவிட்டார். உலகத்தில் காளான் சாவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணமான பச்சைக்குடைக் காளானின் மொட்டாம் அது. சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்கு மேல் எதுவும் தெரியாது. அப்புறம் வாந்தி, அப்புறம் சரியானது போல ஒரு தெளிவு. அதற்குள் கல்லீரல் போய்க்கொண்டிருக்கும். 2015இல் இங்கே வந்த அகதிகள் பலர் ஊர்க்காளான் என்று நினைத்து இதைத்தான் சாப்பிட்டார்கள். ஹனோவர் மருத்துவக் கல்லூரி பல மொழிகளில் எச்சரிக்கை வெளியிட வேண்டி வந்தது. அந்தப் பட்டியலில் நானும் சேர்ந்திருப்பேன்.

இன்னொன்று. பாட்டி ஒருவகைப் பழுப்புக் காளானைத் தொடவே மாட்டார். 1986 செர்னோபில் அணுஉலை விபத்தில் வந்து விழுந்த கதிரியக்க சீசியம் இந்தப் பக்கத்துக் காட்டு மண்ணில் இன்னும் கிடக்கிறது, அந்த வகை அதை அதிகமாக உறிஞ்சுமாம்.

மலையடிவாரம்:

கரிசல்காட்டான் அண்ணே, ஒரு சந்தேகம். அரிசிக்காளானும் கறையானோடு வருவதுதானே? அதற்கு நீள வேர் கிடையாதே. அம்மாச்சி அதை விட்டுவிடுவார்களா?

கரிசல்காட்டான்:

நல்லா மாட்டிவிட்டீர்கள் தம்பி. விடமாட்டாள். அரிசி கொட்டியது மாதிரி தரையெல்லாம் பூத்திருக்கும், மடி நிறைய அள்ளிக்கொண்டு வருவாள். ஆனால் அவளேதான் பறிப்பாள், என்னைத் தூரத்தில் நிற்கவைத்துவிடுவாள். மியூனிக்காரர் எழுதியதைப் படித்த பிறகுதான் உறைக்கிறது. வேர்ச் சட்டம் எட்டு வயதுப் பையனுக்காகப் போட்டது, அவளுக்கு இல்லை.

இன்று காலையில் ஊரில் மாமாவுக்குப் போன் போட்டேன். நேற்றே இரண்டு பெட்டி எடுத்து, சின்ன வெங்காயமும் மிளகும் அரைத்துக் குழம்பு வைத்தாயிற்றாம். எந்தப் பக்கம் மாமா என்று கேட்டேன்.

"மழை நல்லா பெய்யுது மாப்ளே" என்கிறார்.