கவலை ஓட்டிய காலத்துப் பண்ணையம்

காங்கேயத்துக்குத் தெற்கே எங்கள் தோட்டம். ஊருக்குள் வீடு கிடையாது, தோட்டத்திலேயே சாளை போட்டுக் குடியிருந்தோம். எங்கள் பக்கம் பலரும் அப்படித்தான்.

கவலை இறைப்பைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். கிணற்றை ஒட்டிச் சரிவாக இறங்கும் மண்பாதை. இரண்டு எருதுகள் வடக்கயிற்றை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கினால் கிணற்றிலிருந்து இரும்புச் சால், அதாவது தண்ணீர் அள்ளும் பெரிய வாளி, மேலே வரும். சாலுக்கு அடியில் தும்பி, அதாவது தோல் குழாய். மேலே வரும்வரை வால்கயிறு அதை மடக்கிப் பிடித்திருக்கும். உச்சிக்கு வந்ததும் தும்பி தொட்டிப் பக்கம் நீண்டு தண்ணீரைக் கொட்டிவிடும். எருதுகள் இறங்கும்போது அப்பா வடத்தின்மேல் உட்கார்ந்துகொள்வார், அவர் கனமும் இழுவைக்கு உதவும். பிறகு எருதுகளைப் பின்னுக்கே நடத்தி மேட்டுக்குக் கொண்டுவர வேண்டும். விடியும் முன் பூட்டி வெயில் ஏறும்வரை இறைத்தாலும் ஒரு ஏக்கர் முழுசாக நனையாது.

கிணறு தாங்கியதே அதனால்தான் என்பது என் எண்ணம். எருது களைத்தால் இறைப்பு நின்றுவிடும், ராத்திரியில் ஊற்று ஊறிக்கொள்ளும். மோட்டாருக்கு ஏது களைப்பு? பைக்காரா நீர்மின் நிலையம் 1932-லேயே ஓட ஆரம்பித்தாலும் எங்கள் தோட்டத்துக்குக் கம்பி வந்தது எழுபதுகளில்தான். 1990-ல் விவசாய மின்சாரம் எல்லோருக்கும் இலவசமானது. அப்புறம் மோட்டாரை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. முதலில் கிணற்றுக்குள்ளேயே பக்கவாட்டில் துளையிட்டு சைடு போர் போட்டார்கள், பிறகு வெளியே ஆழ்துளைக் கிணறு. இப்போது ஆயிரம் அடி என்றால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை.

எருதுக்கு வேலை போனதும் கட்டுத்தரை காலியானது, எருவும் விலைக்கு வந்தது. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக, சுற்றிலும் கிளுவை வேலியோடு இருந்த கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், பாதி இன்று மனை. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு தம்பி ஆசையாக இரண்டு காங்கேயம் மாடு வாங்கினான். அதுகளுக்குத் தீனியான சோளத்தட்டு லாரியில் வருகிறது, விலையைக் கேட்டால் மயக்கம் வரும்.

இதையெல்லாம் சொன்னால் உடனே ‘அது பொற்காலம்’ என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். என் அம்மாவைக் கேட்டிருக்க வேண்டும். நாலு மணிக்கு எழுந்து கம்பு குத்தி, சாணி வழித்து, ஆளுக்காருக்கும் சேர்த்துச் சோறாக்கி, அப்புறம் களை வெட்டவும் போவார். மிக்ஸியும் கிரைண்டரும் வந்ததில் அவருக்கு வருத்தமே இருந்ததில்லை.

அப்புறம் தும்பி தைத்தவர். அருந்ததியர். வருஷத்துக்கு இவ்வளவு தானியம் என்று கூலி. அவர் தைத்த தோல் வழியாகத்தான் எங்கள் வயலுக்கும் அடுப்படிக்கும் தண்ணீர் வந்தது. அவர் தாகத்துக்குக் கேட்டால் தொட்டியைத் தொடவிடாமல் கொட்டாங்குச்சியில் ஊற்றுவோம். நானும் ஊற்றியிருக்கிறேன். கவலை நின்றதும் அவருக்கு அந்தத் தானியமும் நின்றது. அதை அன்று எங்கள் வீட்டில் யாரும் பேசியதாக நினைவில்லை.

அவர் பேரன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். போன தை மாதம் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எங்கள் டம்ளரில் காபி குடித்துவிட்டுப் போனார். பெரியம்மா மட்டும் அவர் கிளம்பும்வரை உள்ளேயே இருந்துவிட்டார்.