கறை என்று நினைத்துத் தேய்த்தேன், கறையே இல்லை

கல் தரையைச் சுத்தம் செய்பவர்களும் செய்யச் சொன்னவர்களும் உங்களுக்கு நடந்ததை இங்கே எழுதுங்கள். சொதப்பிய கதையாக இருந்தால் இன்னும் நல்லது. முதலில் என் கதை.

தொழிலுக்கு வந்து இரண்டாவது வருடம். வெள்ளைப் பளிங்கு பதித்த பெரிய கூடம். கை கழுவும் இடத்துக்குக் கீழே உப்புத் தண்ணீர் காய்ந்த வெள்ளைத் திட்டுகள். கழிவறை டைல்ஸுக்கு வைத்திருந்த ஆசிட் வண்டியில் இருந்தது. நிறையத் தண்ணீர் கலந்துவிட்டால் ஒன்றும் ஆகாது என்று ஊற்றினேன். சுர்ரென்று நுரைத்தது. அழுக்கு கரைகிறது என்று சந்தோஷப்பட்டேன். கரைந்தது கல். பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் அது கார்பன் டை ஆக்சைடாக நுரைத்துப் போகும், மேல்தோல் அரித்துவிடும். காய்ந்ததும் பார்த்தால் சாக்பீஸ் தடவியது போல ஒரு மங்கல். அதையும் கறை என்று நினைத்து அரை மணி நேரம் தேய்த்தேன், அதுதான் வேடிக்கை.

பாலிஷ் வேலையில் ஊறிய ஒரு பெரியவரை அழைத்து வந்தேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, கறைன்னா உள்ள இறங்கி நிறம் மாறும். இது தோல் உரிஞ்சது. உரிஞ்சதைக் கழுவ முடியாது, மறுபடி இழைக்கத்தான் வேணும்" என்றார். தண்ணீர் விட்டு வைரத்தூள் பதித்த பேடில் 400, 800, 1500, 3000 என்று (எண் கூடக் கூட பேடு நைசாகும்) படிப்படியாக ஏறினோம். அவசரத்தில் 400-லிருந்து நேரே 1500-க்குத் தாவப் பார்த்தேன், கையைப் பிடித்துவிட்டார். 400 போட்ட கீறலை 800-தான் எடுக்க முடியுமாம். விட்டுவிட்டால் பளபளப்புக்கு அடியில் அந்தக் கீறல் அப்படியே இருக்கும், சாய்வெளிச்சம் விழும்போது காட்டிக் கொடுக்கும். திட்டை மட்டும் இழைத்தால் சுற்றிலும் வேறு மினுமினுப்பு தெரிந்தது. அதனால் இணைப்புக் கோடு வரை முழுக் கல்லையும் இழைக்க வேண்டியதாயிற்று. ஒன்றரை நாள், கூலி என் கையிலிருந்து.

இப்போது என்ன கல் என்று தெரியாத தரையில் எதையும் ஊற்றுவதில்லை. உரிமையாளரிடம் சொல்லிவிட்டு, கதவுக்குப் பின்னால் கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு. அந்த இடம் நுரைத்தாலோ மங்கினாலோ அந்தத் தரைக்கு அமிலம் ஆகாது. பளிங்கு, சுண்ணாம்புக்கல், டிராவர்டைன் எல்லாம் இந்தக் கூட்டம்.

*

அண்ணே, நான் ஒரு அலுவலகத்தில் பராமரிப்பு மேற்பார்வை பார்க்கிறேன். எங்கள் வரவேற்பறைக் கிரானைட்டுக்குப் பளிங்கு அளவுக்கு ஆசிட் பயம் இல்லை, சோப்புதான் வில்லன். வாசனைத் திரவம் போட்டுத் தினமும் துடைத்தார்கள். மாதாமாதம் தரை மங்கியது. மங்க மங்க மூடிக் கணக்கைக் கூட்டினார்கள். பாலிஷ் போட வேண்டும் என்று மேலிடத்துக்குக் கடிதமே எழுதிவிட்டேன்.

அதற்கு முன்னால் ஒரே ஒரு கல்லை வெறும் தண்ணீரும் புதுத் துணியுமாகத் திரும்பத் திரும்பத் துடைத்துப் பார்த்தோம். பளிச்சென்று வந்தது! கல் தேயவில்லை, மேலே சோப்புப் படலம். நடுநிலையான, அதாவது பி.ஹெச். 7 அளவில் உள்ள திரவத்தை மென்மையான பேடு மாட்டிய மெஷினில் ஓட்டி, அழுக்குத் தண்ணீர் காய்வதற்குள் வெட் வேக்குவத்தால் உறிஞ்சி, அப்புறம் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசினோம். கடிதத்தைத் திரும்ப வாங்கியதுதான் கஷ்டமாக இருந்தது.

இன்னொன்று, ஈர மாப்புக்கு முன் உலர் மாப். பத்து வரை போகும் மோஸ் கடினத்தன்மை அளவில் மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7, பளிங்கு 3. மணலோடு ஈர மாப் போடுவது உப்புத்தாள் தேய்ப்பது மாதிரிதான்.

*

நான் வேலை கொடுத்த பக்கம். பளிங்குத் தரைக்குச் சீலர் (கறை உள்ளே ஊறாமல் தடுக்கும் பூச்சு) அடித்தால் எது கொட்டினாலும் கவலை இல்லை என்று சொல்லி அடித்துவிட்டுப் போனார்கள். ஒரு மாதத்தில் புளிப்பான ஏதோ சிந்தி வட்டமாக அடையாளம் விழுந்தது. கேட்டால், "உள்ளே ஊறாது, மேலே அரிக்கும்" என்றார்கள். இதை முதலிலேயே சொன்னால் என்ன குறைந்துவிடும்?

அடுத்த அறையில் அடர்த்தியான கறுப்புக் கிரானைட். அதற்கும் அடித்தார்கள். கல் குடிக்கவே இல்லை. மேலேயே நின்று பிசுபிசுவென்று கோடு கோடாகப் புகை படிந்த மாதிரி ஆகிவிட்டது. கல்லில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் கால் மணி நேரம் பாருங்கள். அடியில் நிறம் அடர்ந்தால் கல் குடிக்கிறது. முத்தாக அப்படியே நின்றால் அவசரப்பட்டுச் சீலர் வாங்காதீர்கள்.

*

வெள்ளைப் பளிங்கு மஞ்சளாகிவிட்டது, பிளீச் ஊற்றலாமா என்று கேட்பவர்களுக்காக. ஒரு இடத்தில் தரை முழுக்கத் தண்ணீர் தேங்கி நின்ற பிறகு கல் மஞ்சளடித்தது. கல்லுக்குள்ளேயே இருந்த இரும்பு துருப்பிடித்த நிறம் அது. உதவியாளர் பிளீச் ஊற்ற, மஞ்சள் இன்னும் ஏறியது. பயந்துபோய் அதன் மேலேயே ஆசிட் பாட்டிலைத் திறந்தார். பாய்ந்து பிடுங்கினேன். இரண்டும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு; தரை போனால் இழைக்கலாம், நுரையீரலை எந்த பேடில் இழைப்பது?

*

முதல் பதிவு போட்டவன்தான். மஞ்சள் விஷயத்தில் எனக்கும் ஒரு அடி. பளபளப்புக்காக மெஷினில் ஸ்டீல் வுல் (மெல்லிய இரும்புக் கம்பிப் பஞ்சு) மாட்டி, ரசாயனம் விட்டுத் தேய்க்கும் கிரிஸ்டல் பாலிஷ் ஓட்டினேன். பொடிப்பொடியான கம்பி இழைகள் இணைப்புகளில் தங்கிவிட்டதை யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் ஈர மாப் போட்டார்கள். அடுத்த வாரம் இணைப்புக் கோடெல்லாம் துருப் புள்ளி. இப்போது மெஷினை நிறுத்தியதும் வேக்குவம், அப்புறம் துணியில் சுற்றிய காந்தத்தை ஒரு முறை இழுத்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் நாலு இழையாவது ஒட்டிக்கொண்டு வருகிறது.