தோஹாவின் '7': துருவைப் பார்க்கப் போன கதை

தோஹாவில் கடலோரம் நிற்கிற அந்தத் துருக்கோபுரத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். முதலில் என் கதை.

நான் ஃபேப்ரிகேஷன் யார்டில் வெல்டர். துரு எங்களுக்கு ஜென்ம விரோதி. பீமில் விரலகலம் தெரிந்தாலும் இன்ஸ்பெக்டர் சாக்பீஸால் வட்டம் போட்டுவிடுவார். அப்புறம் கிரைண்டரைப் பிடித்து முதலிலிருந்து. ஒரு வெள்ளிக்கிழமை ரூம் பையன்களோடு இஸ்லாமியக் கலை அருங்காட்சியகப் பூங்காவுக்குப் போனேன். கடலுக்குள் நீளும் மேடையின் முனையில் அமெரிக்கச் சிற்பி ரிச்சர்ட் செர்ராவின் '7' என்கிற சிற்பம். 2011-இல் வைத்தது. ஏழு இரும்புத் தகடுகள், 24 மீட்டர் உயரம், உச்சி வரை துரு! "பெயின்ட் அடிக்கக் காசு பத்தலையோ" என்றான் ஒருவன்.

கிட்டப் போனதும் எனக்குப் பேச்சு வரவில்லை. தகட்டின் விளிம்பில் உள்ளங்கையை வைத்தேன், அதன் அகலத்துக்குத் தடிமன். இதைத் தூக்கி நிறுத்திய கிரேன்காரரை நினைத்துக்கொண்டேன். இடைவெளி வழியாக உள்ளே போய் அண்ணாந்தால், ஏழு பக்கமும் வெட்டிய வானம்.

இது சாதா இரும்பு இல்லை, செம்பும் குரோமியமும் சேர்ந்த கார்டென் ரகம். மேலே படிகிற துருவே உள்ளே அரிப்பு இறங்காமல் காக்கும். ஆனால் உப்புக்காற்று அதற்கு ஆகாது. கொண்டுபோய்க் கடலிலேயே வைத்திருக்கிறார்களே என்று எனக்கு இன்னும் உறுத்தல்தான்.

*

அண்ணா, என் மகன் உள்ளே நின்று "அம்மா" என்று கத்தினான். குரல் மேலே போய்ச் சுற்றிவிட்டு வந்தது. அப்புறம் அரை மணி நேரம் அவனை வெளியே இழுக்க முடியவில்லை. ஜூலையில் மட்டும் போகாதீர்கள், தகடு தோசைக்கல்.

*

செர்ராவுடைய இன்னொன்றும் கத்தாரின் மேற்கே ஸெக்ரீத் பக்கம் பாலைவனத்தில் இருக்கிறது, 2014-இல் வைத்தது. நான்கு தகடுகள், ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஒரே வரிசை. தரை ஏறி இறங்கினாலும் நான்கின் தலையும் ஒரே மட்டம். அதற்காகவே இரண்டு 14.7 மீட்டர், இரண்டு 16.7 மீட்டர். நான் சர்வேயர், மட்டம் பிடிப்பதே பிழைப்பு. அதைப் பார்க்கிற ஆசையில் சின்னக் கார் என்பதையும் மறந்து மணலில் இறக்கிவிட்டேன். டயர் புதைந்துபோனது. இழுத்துவிட ஆள் வரும்வரை ஒரு தகட்டின் நிழலில்தான் உட்கார்ந்திருந்தேன். நிழல் நகர நகர நானும் நகர்ந்தேன்.