இரவைப் பிரித்துக்கொள்வதா, இருவரும் எழுவதா? புது அப்பாக்களின் முதல் ஆறு வாரம்

கணக்குப்பிள்ளை:
"பால் கொடுப்பது அம்மா, அப்பா எழுந்து என்ன செய்ய?" என்ற கேள்விக்காகவே இந்த இழை. பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை குடிக்கும். குடிப்பது, ஏப்பம், டயப்பர், மறுபடி தூங்க வைப்பது எல்லாம் சேர்த்தால் ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம் சாதாரணமாகப் போய்விடும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேரும் எழுந்தால் விடியும்போது இரண்டு பேருமே எதற்கும் உதவ மாட்டார்கள். இரவு 9 முதல் 2 வரை ஒருவர், 2 முதல் 7 வரை மற்றவர். முறை இல்லாதவர் வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும்.

முதல்பால்:
கணக்கு சரிதான், உடம்பு அந்தக் கணக்குக்கு வராது. மார்பு காலியாகக் காலியாகத்தான் பால் ஊறும். நிறைந்தே கிடந்தால் சுரப்பு குறையும். பால் ஊற வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் கூடுதலாக இருப்பதும் இரவில்தான். முதல் 3, 4 வாரத்தில் ஐந்து மணி நேரம் விட்டுப் பாருங்கள்: பால் கட்டும், வலிக்கும், அப்புறம் "பால் பத்தலை" என்று புட்டி வரும். அப்பாவுக்கு வேலையா இல்லை? தூக்கிவந்து கொடுங்கள். ஒரு பக்கம் முடிந்ததும் ஏப்பம் எடுத்து, டயப்பர் மாற்றி, மறுபக்கத்துக்குக் கொடுங்கள். தூங்க வைப்பதும் உங்கள் பொறுப்பு. அம்மா படுக்கையைவிட்டு இறங்கவே கூடாது. உங்கள் முக்கால் மணி அவருக்குப் பாதியாகிவிடும்.

கணக்குப்பிள்ளை:
நான்கு வாரம் உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன். அதன் பிறகு? தாய்ப்பாலைக் கறந்து வைத்தால் அப்பாவே புட்டியில் கொடுக்கலாம். கறந்த தாய்ப்பால் அறை வெப்பத்தில் (25 டிகிரிக்குள்) 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் 4 நாள் தாங்கும். கதவுத் தட்டில் வேண்டாம், திறந்து மூடும்போதெல்லாம் சூடேறும். வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்துச் சூடாக்குங்கள். மைக்ரோவேவில் ஒரு இடம் கொதிக்கும், ஒரு இடம் சில்லிட்டிருக்கும். குடித்து மிச்சமானதை 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.
பால்மாவு வீடுகளில் முதல் நாளிலிருந்தே முறை பிரிக்கலாம். கொதித்து அரை மணிக்குள், 70 டிகிரிக்குக் குறையாத நீரில் கலந்து, ஆறவைத்துக் கொடுங்கள். முதலில் நீர், பிறகு மாவு, கரண்டியைத் தலைதட்டி. நீர்க்கக் கலந்தால் குழந்தையின் உடம்பில் உப்பின் அளவு கெட்டு வலிப்பே வரலாம்.

முதல்பால்:
கறக்க எப்போது எழுவாராம்? பம்ப்பைக் கழுவுவது யார்? அதையும் அட்டவணையில் போடுங்கள். மார்பு நிறைந்திருப்பது விடியற்காலையில். அந்த நேரக் குடிப்பு முடிந்ததும் ஒரே ஒரு தடவை கறந்தால் போதும்.

திண்ணைவாசி:
இருவரும் விட்டது: அதிகாலை 3 மணி. முறையில் இருக்கும் அப்பா குழந்தையை மார்பில் போட்டபடி சோபாவில் கண்ணயர்வது. படுக்கக் கூடாத இடங்களில் இதுதான் முதலாவது. மெத்தைக்கும் உடம்புக்கும் நடுவே குழந்தையின் மூக்கு புதைந்துவிடும். கண் சொக்கினால் அழுதாலும் பரவாயில்லை, குழந்தைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். விறைப்பான சமதளம், தலையணை கூடாது.
அழுகை இரண்டாம் வாரத்தில் ஏறத் தொடங்கி ஆறாம் வாரம் வாக்கில் உச்சம் தொடும். பல அப்பாக்கள் வேலைக்குத் திரும்பியிருக்கும் நேரமும் அதுவே. கோபம் தலைக்கேறினால் குழந்தையைக் கட்டிலில் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் வெளியே போங்கள். உலுக்கவே கூடாது, மூளையில் ரத்தம் கசியும்.
இன்னொன்று. பத்து அப்பாக்களில் சுமார் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, மூன்றாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் நடுவே அதிகம். ஆண்களிடம் அது பெரும்பாலும் அழுகையாகத் தெரியாது. எரிச்சலாக, வேலையில் போய் ஒளிந்துகொள்வதாகத் தெரியும். இரண்டு வாரம் நீடித்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கணக்குப்பிள்ளை:
முறை மாறும்போது வாயால் சொல்லாதீர்கள், தூக்கக் கலக்கத்தில் எதுவும் மண்டையில் ஏறாது. கட்டிலருகே ஒரு தாள்: கடைசியாகக் குடித்த நேரம், எந்தப் பக்கம், ஈர டயப்பர் எத்தனை. ஐந்தாம் நாளுக்கு மேல் ஒரு நாளைக்குக் குறைந்தது ஆறு ஈர டயப்பர் வேண்டும். மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் 38 டிகிரி தொட்டால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனை.

முதல்பால்:
தாளுக்கு எதிர்ப்பே இல்லை. எடை ஏறவில்லை என்று மருத்துவர் சொன்னாலொழிய, முதல் மூன்று வாரம் அதில் "புட்டி" என்று ஒரு கட்டம் போடாதீர்கள்.