சாப்பிட மறுக்கும் லெப்பர்ட் கெக்கோ: எடை குறைந்துகொண்டே போகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி (ஸ்காபரோ, ஒன்ராறியோ)

அனைவருக்கும் வணக்கம். என் மகள் வளர்க்கும் லெப்பர்ட் கெக்கோ, நான்கு வயதுப் பெண் பல்லி, மூன்று வாரங்களுக்கும் மேலாக எதையும் உண்ண மறுக்கிறது. இலையுதிர் காலத்தில் 62 கிராம் இருந்தது. நேற்று மின்தராசில் நிறுத்தபோது 51 கிராம்தான் காட்டியது. விரல் பருமனில் திரண்டிருந்த வால் மெலிந்துவிட்டது. வால் தொடங்கும் இடத்தில் இடுப்பெலும்பு புடைத்துத் தெரிகிறது. தொடக்கத்தில் மெழுகுப் புழுவை மட்டுமாவது வாங்கிக்கொண்டது. இப்போது இடுக்கியில் எதைப் பிடித்து நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. மலம் குறைவாகவும் இளகலாகவும் இருக்கிறது. கண்கள் தெளிவாக உள்ளன, தோல் உரிந்தபோது விரல்களில் எதுவும் ஒட்டி நிற்கவில்லை.

தொட்டியின் அடியில் மணல் கிடையாது, காகிதத் துண்டுதான் விரித்திருக்கிறோம். ஒரு முனையில் அடியில் வெப்ப விரிப்பு இருக்கிறது. கண்ணாடியில் ஒட்டிய வெப்பமானி 27 பாகை காட்டுகிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இலையுதிர் காலத்தில் ஊர்வன கண்காட்சி ஒன்றில் என் மகனுக்காக இன்னொரு லெப்பர்ட் கெக்கோ வாங்கினோம். அது தனித் தொட்டியில் நன்றாகவே சாப்பிடுகிறது.

வீட்டுக்கு அருகில் உள்ள மிருக வைத்தியசாலையில் நாய், பூனை மட்டுமே பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்கள். இது குளிர்காலத்து வழக்கம்தானா? வாயைத் திறந்து உணவு புகட்டலாமா? மகள் இரவில் எழுந்து எழுந்து தொட்டியைப் பார்க்கிறாள். அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து வழி சொல்லுங்கள்.

மறுமொழி 1 (மார்க்கம், பல ஆண்டுகளாக லெப்பர்ட் கெக்கோ வளர்ப்பவர்)

வணக்கம் அக்கா. நன்கு வளர்ந்த லெப்பர்ட் கெக்கோ குளிர்காலத்தில் சில வாரங்கள் உண்ணாமல் இருப்பது புதிதல்ல. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளின் வறண்ட பாறை நிலங்களில் குளிர் மாதங்களைப் பொந்துக்குள்ளேயே கழிக்கும் உயிர் அது. வாலில் திரளும் கொழுப்பு அந்தக் காலத்துக்கான சேமிப்பு. ஆனால், அப்படி ஓய்ந்திருக்கும் ஆரோக்கியமான பல்லியின் எடை பெரிதாக இறங்காது, வாலும் வற்றாது. 62 கிராமிலிருந்து 51 கிராமுக்கு இறங்குவது ஏறத்தாழ பதினெட்டு வீத இழப்பு. பத்து வீதம் குறைந்தாலே மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதுதான் நாங்கள் கடைப்பிடிக்கும் அளவு. ஆகவே, இதைக் குளிர்காலம் என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம்.

மருத்துவரைக் காணும் வரை வீட்டில் செய்ய வேண்டிய முதல் வேலை வெப்பத்தைச் சரிபார்ப்பது. கண்ணாடிச் சுவரில் ஒட்டும் வெப்பமானியை நம்பி எந்த முடிவுக்கும் வராதீர்கள். லெப்பர்ட் கெக்கோவுக்கு முக்கியமானது வயிற்றுக்குக் கீழே உள்ள தரையின் வெப்பம். வன்பொருள் கடைகளில் கிடைக்கும் அகச்சிவப்பு வெப்பமானியால் சூடான மறைவிடத்தின் தரையை அளந்து பாருங்கள். அங்கே 31 முதல் 33 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். குளிர்ந்த முனை 24 முதல் 26 வரை இருக்கலாம். தன் உடலில் வெப்பத்தை உண்டாக்க இயலாத உயிருக்குத் தரை குளிர்ந்தால் செரிமானம் மிகவும் மந்தமாகிவிடும். உண்ட பூச்சி குடலில் கிடந்து அழுகும். அடுத்த வேளை பசி எடுக்காது. தொட்டி சன்னலோரம் இருந்தால் சனவரிக் குளிரில் வெப்ப விரிப்பால் ஈடுகொடுக்க முடியாது. தொட்டியை உட்சுவர்ப் பக்கம் நகர்த்துங்கள். விரிப்பை, வெப்பத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் தெர்மோஸ்டாட் கருவி வழியாக மட்டும் இயக்குங்கள். இல்லையேல் ஒரு நாள் குறைவாகவும் மறுநாள் வயிறு சுடும் அளவிலும் இருக்கும். மின்சாரத்தில் சூடேறும் செயற்கைக் கற்கள் வேண்டவே வேண்டாம், அவற்றால் வயிறு வெந்துபோன பல்லிகளை நான் பார்த்திருக்கிறேன்.

இரவில் உயிருள்ள கிரிக்கெட் பூச்சிகளைத் தொட்டிக்குள் விட்டு வைக்காதீர்கள். நலிந்த பல்லியின் விரல்களையும் கண்ணிமைகளையும் அவை கடித்துவிடும்.

மறுமொழி 2 (பிராம்டன்)

எங்கள் வீட்டில் ஒருமுறை இப்படி ஆனபோது தேன் கலந்த வெதுவெதுப்பான நீரைத் துளித் துளியாகக் கொடுத்தோம், சற்றுத் தெம்பு வந்தது. பழக்கூழும் முயன்று பார்க்கலாம். பிள்ளையின் மனம் தேறட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

மறுமொழி 3 (மிசிசாகா, மிருக வைத்தியசாலை உதவியாளர்)

வணக்கம் சகோதரி. அயல் விலங்குகளை, அதாவது நாய், பூனை அல்லாத ஊர்வன போன்ற வளர்ப்புப் பிராணிகளை, பார்க்கும் வைத்தியசாலையில் பணிபுரிகிறேன். நான் மருத்துவர் அல்லேன். எங்களிடம் வரும் பல்லிகளை வைத்துச் சொல்கிறேன்.

மேலே ஒருவர் அன்போடு சொன்ன தேனும் பழக்கூழும் லெப்பர்ட் கெக்கோவுக்கு ஒவ்வாதவை. மரங்களில் வாழும் சில கெக்கோ வகைகள் பழச்சாறு உண்ணும். இது பூச்சி போன்ற சிற்றுயிர்களை உண்டு வாழும் இனம். சர்க்கரை மிகுந்த உணவுக்கு ஏற்ற குடல் இதற்கில்லை, ஏற்கெனவே உள்ள கழிச்சல் அதனால் கூடலாம்.

வாயைத் திறந்து புகட்டுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். நெடுநாள் பட்டினி கிடந்த, உடலில் நீர் வற்றிய விலங்கின் வயிற்றில் உணவைத் திணித்தால் அதைச் செரிக்க உடலில் வலு இராது. உணவு மூச்சுக் குழாய்க்குள் போகும் ஆபத்தும் உண்டு. தாடையும் சிறியது, எளிதில் முறியும். முதலில் வெப்பம், அடுத்து நீர், அதன் பிறகே உணவு. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். 30 பாகை அளவுள்ள நீரை வயிறு நனையும் உயரத்துக்கு, தோளுக்கு மேலே ஏறாதபடி, ஒரு சிறு பெட்டியில் ஊற்றிப் பல்லியைப் பத்து நிமிடங்கள் நிற்க விடுங்கள். பக்கத்திலிருந்து நகராதீர்கள். பிறகு துடைத்துச் சூடான முனையில் விடுங்கள். கண் குழிவிழுந்திருப்பதும், விலாப்புறத் தோலை மெல்லக் கிள்ளிவிட்டால் மடிப்பு அப்படியே நிற்பதும் நீர் வற்றியதன் அடையாளங்கள்.

உங்களுடையது பெண் பல்லி என்பதால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஆண் துணை இல்லாமலேயே பெண் லெப்பர்ட் கெக்கோவுக்குக் கருவுறாத முட்டைகள் உருவாகும். குளிர்காலத்தின் பிற்பகுதியில்தான் அது பெரும்பாலும் தொடங்கும், அப்போது உணவை வெறுப்பதும் உண்டு. பல்லியைத் தெளிந்த பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துக் கீழிருந்து கைவிளக்கால் வயிற்றைப் பாருங்கள். அடிவயிற்றின் இரு பக்கமும் இளஞ்சிவப்பாகவோ வெண்மையாகவோ நீள்வட்ட வடிவங்கள் தெரிந்தால் முட்டையாக இருக்கக்கூடும். முட்டை வெளிவராமல் தங்கிவிட்டால் அது அவசர நிலை. ஒன்றும் தெரியவில்லை என்பதால் ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது, அதை ஊடுகதிர்ப் படமோ அல்ட்ராசவுண்டோதான் உறுதி செய்யும்.

மருத்துவரைத் தேடுவதற்கு, ஊர்வன மற்றும் நீர்நில வாழ்வன மருத்துவர்களின் சர்வதேசச் சங்கமான ஏ.ஆர்.ஏ.வி. தன் இணையத்தளத்தில் உறுப்பினர் பட்டியல் வைத்திருக்கிறது. குவெல்ப் பல்கலைக்கழகத்தின் ஒன்ராறியோ மிருக வைத்தியக் கல்லூரியிலும் அயல் விலங்குகளுக்கான பிரிவு உண்டு. போகும்போது புதிய மலத்தைச் சிறு மூடிய பெட்டியில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து (உறைய விட வேண்டாம்) எடுத்துச் செல்லுங்கள். இதுவரை குறித்த எடைகளையும் தொட்டியின் படத்தையும் கொண்டு போனால் மருத்துவரின் பாதிக் கேள்விகளுக்கு அப்போதே விடை கிடைத்துவிடும். வெளியே உறைகுளிர் என்பதால், துவாயில் சுற்றிய வெந்நீர்ப் போத்தலோடு சிறு பெட்டியில் வைத்து, வண்டியை முன்கூட்டியே சூடாக்கிக் கொண்டு செல்லுங்கள்.

குடற்புழு மருந்தை நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்க வேண்டாம். எந்தப் புழு என்று தெரியாமல், நீர் வற்றிய உடலுக்குக் கொடுக்கும் மருந்து நோயைவிடக் கடுமையாக வேலை செய்யும்.

மறுமொழி 4 (லண்டன்)

சகோதரி, உங்கள் கேள்வியில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இரண்டாவது பல்லியைப் பற்றிய வரிதான். அச்சமூட்ட எழுதவில்லை. நான் வளர்த்த பல்லிகளை இழந்தது இந்த வழியில்தான் என்பதால், சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

கிரிப்டோஸ்போரிடியம் வராணி என்னும் ஒட்டுண்ணி லெப்பர்ட் கெக்கோவின் குடலைத் தாக்கும். உணவு உடலில் சேராது, வால் குச்சியாக வற்றும், கழிச்சல் இருக்கும், சிலவேளை உண்டதைக் கக்கும். ஆனால், எல்லாப் பல்லியும் நோயைக் காட்டுவதில்லை. வெளித்தோற்றத்தில் கொழுத்து, நன்றாக உண்டுகொண்டிருக்கும் ஒன்று மலத்தின் வழியே அதைப் பரப்பிக்கொண்டிருக்கலாம். உங்கள் மகனின் பல்லி நன்றாக இருப்பது நல்ல செய்தி. ஆனால் அதை வைத்து இந்த நோய் இல்லை என்று சொல்ல முடியாது. ஒரே இடுக்கி, ஒரே தண்ணீர்க் கிண்ணம், கழுவாத கை, ஒரு தொட்டியில் மிஞ்சிய பூச்சியை எடுத்து மறு தொட்டியில் போடுவது, இவை போதும் அது பரவுவதற்கு. வீட்டில் வழக்கமாகப் பயன்படுத்தும் ப்ளீச்சும் அதைக் கொல்லாது.

ஆகவே, மலப் பரிசோதனையின்போது வழக்கமான நுண்ணோக்கிப் பரிசோதனையோடு கிரிப்டோவுக்கான பி.சி.ஆர். பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள், இரண்டு பல்லிகளுக்கும். முடிவு வரும்வரை இரண்டு தொட்டிகளுக்கும் தனித்தனிப் பொருட்கள் வையுங்கள். நலமாக உள்ளதை முதலில் கவனித்துவிட்டு நோயுற்றதைக் கடைசியில் தொடுங்கள். பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும். ஊர்வன எல்லாவற்றிலும் சால்மொனெல்லா இருக்கக்கூடும் என்பதால், தொட்டிப் பாத்திரங்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதிருப்பதும் நல்லது.

கிரிப்டோவுக்கு முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து என்று உறுதியாகச் சொல்ல எதுவும் இல்லை. ஆனால், இதே அறிகுறிகளை எளிதில் தீர்க்கக்கூடிய வேறு காரணங்களும் தரும். பரிசோதிக்காமல் நம்பிக்கையை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. தம்பி சொன்னபடி அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்தோம். வெப்ப விரிப்புக்கு மேலே உள்ள மறைவிடத்தின் தரை 25 பாகைதான் இருந்தது! புதிய விரிப்பும் தெர்மோஸ்டாட்டும் வாங்கி, தொட்டியை உட்சுவர்ப் பக்கம் மாற்றிவிட்டோம். இப்போது 32 பாகையில் நிலையாக நிற்கிறது. அதுவரை குளிர்ந்த முனையிலேயே சுருண்டு கிடந்தவள், அன்றிரவே சூடான மறைவிடத்துக்குள் போய் வயிற்றைத் தரையில் பரப்பிப் படுத்துக்கொண்டாள்.

அயல் விலங்கு மருத்துவர் ஒருவரிடம் காட்டினோம். ஊடுகதிர்ப் படத்தில் முட்டையோ அடைப்போ இல்லை. மலத்தில் ஊசிப்புழு மிக அதிகமாக இருந்தது. கிரிப்டோ பரிசோதனையில் இருவருக்குமே இல்லை என்று வந்தது. ஆனால், அந்த ஒட்டுண்ணி எல்லா நாளும் மலத்தில் வெளிப்படாது என்பதால் சில வாரங்கள் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும் என்றார். தோலுக்கடியில் நீர் மருந்து ஏற்றினார்கள். புழு மருந்தின் அளவை எடைக்கேற்பக் கணக்கிட்டுத் தந்தார்கள். மாமிச உண்ணிகளுக்கான தூள் உணவைக் குழைத்து மூக்கு நுனியில் ஒரு துளி வைக்கச் சொன்னார்கள். முதலில் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருந்தாள். பிறகு நாக்கை நீட்டி அந்தத் துளியை வழித்து எடுத்தாள், அடுத்த துளிக்குத் தலையைச் சற்று உயர்த்தினாள். என் மகள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

எடை இப்போது 52 கிராம். பூச்சிகளை எப்போது தொடங்கலாம்?

மறுமொழி 3 தந்தவர்

மிக்க மகிழ்ச்சி, சகோதரி. ஒரு கிராம் ஏற்றம் நீரால் வந்ததாகவும் இருக்கலாம். அதனால் தினமும் நிறுத்து மனம் தளராமல், வாரம் ஒருமுறை, உணவு கொடுப்பதற்கு முன், ஒரே நேரத்தில் நிறுத்துக் குறித்து வாருங்கள். துளி உணவைத் தானாக நக்கி, மலம் கட்டியாகத் தொடங்கிய பின், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு பூச்சியைத் தொடங்கலாம். அப்போதுதான் தோல் உரித்து வெள்ளையாக இருக்கும் மீல்வோர்ம் புழு மென்மையானது; அதில் ஒன்றிரண்டை மட்டும், இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை, கல்சியம் தூள் தடவிக் கொடுத்துப் பாருங்கள். பூச்சியின் பருமன் பல்லியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடக் கூடாமல் இருக்கட்டும். மெழுகுப் புழுவுக்குத் திரும்ப வேண்டாம். கொழுப்பு மிகுந்த அந்தச் சுவைக்குப் பழகியவை மற்றப் பூச்சிகளைத் தொடுவதில்லை.

பட்டினி கிடந்த உடலுக்கு ஒரே நாளில் வயிறு நிறையக் கொடுப்பதும் தீங்கு என்பதை மகளிடம் மெல்லச் சொல்லி வையுங்கள். ஆசையோடு இடுக்கியை நீட்டும் பிள்ளைக்கு நிறுத்துவதுதான் கடினம். காகித விரிப்பைத் தினமும் மாற்றுங்கள், ஏனெனில் ஊசிப்புழுவின் முட்டை அதிலேயே தங்கி மீண்டும் வயிற்றுக்குள் போகும். மருந்தின் இரண்டாம் தவணையைப் பல்லி தெம்பாக இருக்கிறது என்று தவிர்த்துவிடாதீர்கள். மகனின் பல்லியின் மலத்திலும் ஊசிப்புழு பார்த்தார்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கிரிப்டோவின் மறுபரிசோதனை முடியும்வரை இரண்டு தொட்டிகளின் இடுக்கிகளும் கிண்ணங்களும் தனித்தனியாகவே இருக்கட்டும்.