கைப்பிடியின் வடிவத்தைத் தேட முப்பரிமாண அச்சு மட்டும் போதுமா?

கேள்வி: ஒயிட்ஃபீல்டுவாசி

பெங்களூரில் நானும் நண்பர் ஒருவரும் கையடக்க மின் தேங்காய்த் துருவி ஒன்றை வடிவமைத்து வருகிறோம். மோட்டாரும் பல்லும் முடிவாகிவிட்டன. கைப்பிடியின் வடிவம்தான் இன்னும் பிடிபடவில்லை. கணினியில் வரைந்து, 0.2 மில்லிமீட்டர் அடுக்கில் பி.எல்.ஏ. என்னும் பிளாஸ்டிக் இழை கொண்டு அச்சிட்டால் ஒன்றுக்கு 9 மணி நேரம் ஆகிறது. இரண்டு வாரங்களில் கிடைத்த நான்கு மாதிரிகளும் ஏறக்குறைய ஒரே சாயலில் இருக்கின்றன. வேகமான இயந்திரம் வாங்கினால் சிக்கல் தீருமா?

பதில்: பீன்யா பட்டறைக்காரன்

இயந்திரத்தை விடுங்கள்; வேலையின் வரிசையை மாற்றுங்கள். 9 மணி நேரம் காத்திருந்து பெற்றதைத் தூக்கி எறிய யாருக்கும் மனம் வராது. அதையே சற்றுத் திருத்தி அடுத்ததை வரைவோம், அதனால்தான் நான்கும் உடன்பிறந்தவை போல இருக்கின்றன. முதல் சுற்றுக்கு அடர்த்தியான ஃபோம் கட்டையைச் சூடான கம்பியால் அறுத்து உப்புத்தாளால் தேயுங்கள் (சன்னலைத் திறந்து வையுங்கள், அந்தப் புகை நல்லதன்று). ஒரு பிற்பகலில் ஏழெட்டு வடிவங்கள் கைக்கு வந்துவிடும். பாம் பைலட் என்ற கையடக்கக் கணினியை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், வெறும் மரத்துண்டு ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துத் திரிந்துதான் அதன் அளவைச் சோதித்தார். தேறிய இரண்டை மட்டும் அச்சிடுங்கள், அப்போதும் 0.3 மில்லிமீட்டர் அடுக்கே போதும், மோட்டார் கூட்டைத் தவிர்த்துப் பிடியை மட்டும் அச்சிட்டால் நேரம் இன்னும் குறையும்.

பதில்: ஜெயநகர் வடிவமைப்பாளர்

மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் ஃபோம் எடையில் ஏமாற்றும். பஞ்சு போன்ற மாதிரியில் எந்த வடிவமும் சுகமாகத்தான் தோன்றும். மோட்டார் இருக்க வேண்டிய இடத்தைக் குடைந்து, அதே எடைக்கு இரும்பு வாஷர்களை அடைத்துவிட்டுப் பிடித்துப் பாருங்கள். அச்சிட்ட மாதிரியிலோ அடுக்குக் கோடுகள் பொய்யான பிடிமானத்தைத் தரும். தேய்த்து, பிரைமர் பூசிய பின்னரே ஈரக்கையால் சோதிக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. சனிக்கிழமை ஆறு ஃபோம் பிடிகளைச் செய்து, வாஷர் அடைத்து, கே.ஆர்.புரத்தில் இருக்கும் அத்தையிடம் கொடுத்தேன். இடக்கையில் தேங்காய் மூடியை ஏந்தியபடி ஆறையும் பிடித்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அவருடைய கட்டைவிரல் பிடியின் மேற்புறத்தில்தான் போய் அமர்ந்தது. நாங்கள் பொத்தானைப் பக்கவாட்டில் வைத்திருந்தோம். நான்கு அச்சுகளில் எங்கள் கண்ணில் படாதது இது. பொத்தானை மேலே கொண்டுவர, உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையைத் திருப்பி வைக்க வேண்டும்; இன்று அதைத்தான் வரைந்துகொண்டிருக்கிறோம்.