காளான் கொட்டகைக்கு டேட்டா லாகர்: எதை வாங்குவது, எங்கே தொங்கவிடுவது?

சுங்கைசிப்புட்_காளான்

எல்லாருக்கும் வணக்கம். மலேசியா, பேராக்கில் உள்ள சுங்கை சிப்புட்டில் வீட்டுக்குப் பின்னால் நானும் வீட்டுக்காரரும் சிப்பிக் காளான் போட்டிருக்கிறோம். இருபதுக்குப் பன்னிரண்டு அடிக் கொட்டகை, தகரக் கூரை, சுற்றிலும் கருப்பு வலை, உள்ளே நான்கு அடுக்கில் ரப்பர் மரத்தூள் பைகள். காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கிறோம். கொஞ்ச நாளாக மேல் அடுக்கில் மட்டும் காளான் ஓரம் காய்ந்து சுருண்டு, சிலது வெடித்தும் போகிறது. கீழ் அடுக்கில் ஒன்றும் இல்லை. சுவரில் மாட்டியிருக்கும் முள் வைத்த ஈரமானி எப்போது பார்த்தாலும் 90 சதவீதத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. ஆனால் நாங்கள் பார்ப்பது காலையிலும் பொழுது சாயும்போதும்தான், மதியம் இரண்டு பேருமே வேலைக்குப் போய்விடுகிறோம். அதனால்தான் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் தானாகவே பதிந்து வைக்கும் டேட்டா லாகர் ஒன்று வாங்கலாம் என்று யோசிக்கிறோம். 200 வெள்ளிக்குள் (ரிங்கிட்) முடிந்தால் நல்லது. எந்த மாதிரி வாங்குவது, எத்தனை நிமிடத்துக்கு ஒரு பதிவு வைப்பது, கொட்டகையில் எங்கே தொங்கவிடுவது? அதைவிட முக்கியமாக, அது காட்டும் எண்ணை நம்பலாமா?

குளிர்அறை_பேராக்

தங்கச்சி, மருந்துக் கிடங்கில் இந்த லாகர்களோடுதான் என் வேலை, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எலிடெக் ஆர்சி-4எச்சி மாதிரி ஒன்று உங்களுக்குப் போதும். 16,000 பதிவு கொள்ளும். 15 நிமிடத்துக்கு ஒன்று என்று வைத்தால் ஒரு நாளைக்கு 96, ஐந்து மாதத்துக்கு மேல் தாங்கும். ஆனால் தண்ணீர் தெளித்தவுடன் ஈரம் எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்க வேண்டுமானால் முதல் இரண்டு வாரம் 5 நிமிடத்தில் வையுங்கள், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். வாங்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள்: விலை குறைந்த லாகர் பலவற்றில் வெளியே நீளும் வயர் வெப்பநிலைக்கு மட்டும்தான், ஈரப்பதச் சென்சார் பெட்டிக்குள்ளேயே இருக்கும். வயரை ஒரு இடத்திலும் பெட்டியை வேறு இடத்திலும் வைத்தால் இரண்டு எண்ணும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் போகும். வயரைக் கழற்றிவிட்டுப் பெட்டியை மட்டும் வையுங்கள்.

செட்டிங்கில் இரண்டு விஷயம். நினைவகம் நிரம்பினால் நிறுத்துவதா, பழையதை அழித்து மேலே எழுதுவதா என்று கேட்கும், நிறுத்தச் சொல்லுங்கள். அப்புறம் லாகரின் கடிகாரம் கணினியின் நேரத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். கணினியில் நேரம் தப்பாக இருந்தால் மதியச் சூடு இரவில் வந்ததாக வரைபடம் சொல்லும். எக்செல்லில் திறக்கும்போது நாளும் மாதமும் இடம் மாறுகிறதா என்றும் பாருங்கள், 3/4 என்பது மார்ச் 4 ஆகிவிடும்.

இடம்தான் உயிர். காளான் விளையும் உயரத்தில், பைகளுக்கு நடுவே தொங்க வேண்டும். கதவோரம் வேண்டாம், தெளிப்பு நேராக விழும் இடமும் வேண்டாம், தகரத்தை ஒட்டியும் வேண்டாம். சூடேறிய தகரத்தின் அனல் நேராகப் பட்டால் லாகரின் உடம்பே சூடாகி, காற்றின் வெப்பத்தைவிடக் கூட்டிக் காட்டும், கூடவே ஈரப்பதத்தைக் குறைத்தும் காட்டும். பூந்தொட்டிக்குக் கீழே வைக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டு மூன்று நான்கை இடைவெளி விட்டுக் கவிழ்த்து அடுக்கி, நடுவில் லாகரைக் கட்டினால் போதும், காற்று போய்வரும், அனலும் துளியும் படாது. முடிந்தால் இரண்டு லாகர் வாங்கி மேல் அடுக்கில் ஒன்று, கீழ் அடுக்கில் ஒன்று. உங்கள் கேள்வியே அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தானே.

நம்பலாமா என்றால், சோதித்துப் பார்த்து நம்புங்கள். மூடி இறுக்கமான டப்பாவில் சின்னக் கிண்ணம் வைத்து, அதில் சமையல் உப்பைக் கொட்டி, தண்ணீர் சொட்டுச் சொட்டாக விட்டு ஈர மணல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். உப்பு முழுக்கக் கரைந்துவிடக் கூடாது. லாகரை உப்பில் படாமல் உள்ளே வைத்து மூடி, வெயில் படாத இடத்தில் ஓர் இரவு விடுங்கள். 25 முதல் 30 டிகிரிக்குள் அந்த டப்பாவின் காற்று 75 சதவீதத்தில் நிற்கும். லாகர் 79 காட்டினால் நான்கு கூட்டிக் காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

சாலிடர்_கம்பி

அண்ணன் சொன்னதோடு ஒன்று. காளானுக்கு வேண்டியது 80க்கு மேலே, அதனால் 75 சோதனை மட்டும் போதாது. பொட்டாசியம் குளோரைடு 84 சதவீதத்தைத் தரும். செம்பனைத் தோட்டங்களில் போடும் எம்ஓபி உரம் பெரும்பாலும் அதுதான். சிவப்பாக இருப்பதில் வேறு கலப்பு உண்டு, துல்லியம் கொஞ்சம் குறையும், ஆனால் லாகர் ஒரேயடியாகத் தவறுகிறதா என்று பார்க்க உதவும்.

லாகரைச் சொந்தமாகச் செய்வதென்றால் ஈஎஸ்பி32 என்ற சின்னக் கணினிப் போர்டு, எஸ்எச்டி31 ஈரப்பதச் சென்சார், டிஎஸ்3231 கடிகாரச் சில்லு, ஒரு மெமரி கார்டு. டிஎச்டி11 என்ற சென்சார் பக்கமே போகாதீர்கள், அதன் துல்லியமே கூட்டியோ குறைத்தோ 5 சதவீதம், 85க்கும் 90க்கும் வித்தியாசம் அதில் தெரியாது. எஸ்எச்டி31 கூட்டியோ குறைத்தோ 2. போர்டே சூடாகும் என்பதால் சென்சாரைத் தள்ளி வையுங்கள், ஆனால் வயர் ஒரு முழத்துக்கு மேல் போனால் சிக்னல் தடுமாறும்.

எந்தச் சென்சாராக இருந்தாலும், நாள் கணக்கில் 80க்கு மேலேயே கிடந்தால் இரண்டு மூன்று சதவீதம் கூட்டிக் காட்டத் தொடங்கும். அது பழுது இல்லை. சாதாரண அறைக்குக் கொண்டுவந்து சில நாள் வைத்தால் மெல்ல இறங்கிவிடும். கொட்டகையைக் கழுவ குளோரின், ஸ்பிரிட் எது அடித்தாலும் அந்த நேரம் லாகரை வெளியே எடுத்துவிடுங்கள்.

சுங்கைசிப்புட்_காளான்

ரொம்ப நன்றி அண்ணே, தம்பி. இரண்டு லாகராகவே வாங்கிவிடுகிறோம், இன்னும் கொஞ்சம் செலவானாலும் பரவாயில்லை. ஒரே ஒரு சந்தேகம். மதியம் நாங்கள் தண்ணீர் எதையும் குறைப்பதில்லை, காலையில் தரை நனைய ஊற்றிவிட்டுத்தான் போகிறோம், அப்படியிருக்க ஈரம் எங்கே போகும்?

குளிர்அறை_பேராக்

எங்கேயும் போக வேண்டியதில்லை தங்கச்சி. காலை 26 டிகிரியில் 95 சதவீதம் இருக்கும் காற்றை, ஒரு சொட்டு நீர் கூடாமல் குறையாமல், 33 டிகிரிக்குச் சூடாக்கினால் அதுவே 63 சதவீதம் ஆகிவிடும். சூடான காற்று அதிக ஆவியைத் தாங்கும், அதே ஆவி அப்போது சதவீதத்தில் குறைவு. தரையிலிருந்து கொஞ்சம் ஆவி ஏறி ஈடு செய்யும், ஆனால் தகரத்தின் கீழே இருக்கும் மேல் அடுக்குக்கு அது போதாமல் இருக்கலாம். அதனால் அறிக்கையில் சராசரியைப் பார்க்காதீர்கள். மதியம் நான்கு மணி நேரம் 65, மற்ற நேரமெல்லாம் 95 என்றாலும் சராசரி 90 என்று அழகாக வரும். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் 80க்குக் கீழே கிடந்தது என்று எண்ணுங்கள்.

லூனாஸ்_காளான்காரி

அக்கா, நானும் காளான்தான், கெடாவில். லாகர் வந்ததும் உடனே டைமர், மிஸ்ட் பம்பு (பனிபோல் நீர் தெளிக்கும் பம்பு) என்று வாங்க ஓடாதீர்கள். இரண்டு வாரம் வரைபடத்தைப் பாருங்கள். மதியம் வெப்பநிலையும் சேர்ந்தே ஏறுகிறது என்றால் முதல் செலவு கூரைக்குத்தான்: தகரத்துக்கு மேலே ஒரு முழம் இடைவெளி விட்டு இன்னொரு கருப்பு வலை, அல்லது அத்தாப்பு (ஓலைக் கூரை). சூட்டைக் குறைத்தாலே ஈரப்பதச் சதவீதம் தானாக ஏறும், பாதி வேலை முடிந்துவிடும். வெப்பம் ஏறாமல் ஈரம் மட்டும் விழுகிறது என்றால் காற்று அடிக்கும் பக்கம் எது என்று தேடுங்கள்.

அதற்காக வலையை எல்லாம் பிளாஸ்டிக்கால் மூடிவிடாதீர்கள். காளான் விடும் கரியமிலவாயு வெளியேறாவிட்டால் தண்டு நீண்டு குடை சின்னதாகிவிடும், அதை இந்த லாகர் காட்டாது, காளானைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். குடை மஞ்சளாகிக் கொழகொழவென்று தொட்டால் ஈரம் கூடிப்போச்சு என்று அர்த்தம். பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, தண்ணீர் அடித்த நேரம், மழை பெய்த நேரம், எந்த அடுக்கில் எவ்வளவு பறித்தீர்கள் என்று எழுதி வாருங்கள். அது இல்லாமல் வரைபடத்தில் ஒரு பள்ளம் வந்தால் கதவைத் திறந்து வைத்ததா, வெயிலா என்று தெரியாது. வரைபடம் வந்ததும் இங்கேயே போடுங்கள், மேல் அடுக்கு, கீழ் அடுக்கு இரண்டையும் ஒரே தாளில்.